டிக்கி மூடி

1. கையில் விழுந்த மூடி

பெங்களூரில் ஜே.சி. ரோடு என்று ஒரு சாலை உண்டு. வண்டிகளின் உதிரிப் பாகங்கள் விற்கும் கடைகள் அங்கே நிறைய இருக்கின்றன. அந்தச் சாலைக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு சிறிய பட்டறை. அங்கே இரண்டு பேர் வேலை செய்கிறார்கள். ஒருவர் மெக்கானிக். இளைஞர். மற்றவர் அவருடைய தாய்மாமன். வயது ஐம்பதுக்கு மேல். மாமா சின்ன வயதில் பள்ளிக்கூடம் போனதில்லை. போன வருடம்தான் எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழகினார். எண்களை நன்றாகப் படிப்பார்.

ஒரு நாள் காலையில் ஒரு பழைய கார் வந்து நின்றது. வாடகைக்கு ஓடும் கார். டிரைவர் இறங்கினார். அவருடைய வலது மணிக்கட்டில் கட்டு.

"என்ன அண்ணே, கையில் கட்டு?" என்று மெக்கானிக் கேட்டார்.

"டிக்கி மூடி விழுந்துவிட்டது, தம்பி. பயணியின் பெட்டியை எடுத்துக்கொண்டு இருந்தேன். 'டங்' என்று ஒரு சத்தம். உடனே மூடி கைமேல் விழுந்தது. நல்ல வேளை, எலும்பு முறியவில்லை. நான்கு நாள் வண்டி ஓட்டவில்லை. நான்கு நாள் வருமானம் போச்சு."

மெக்கானிக் டிக்கியைத் திறந்தார். ஒரு மரக்கட்டையை முட்டுக் கொடுத்தார். உள்ளே குனிந்து பார்த்தார். மூடியைத் தாங்க இரண்டு கம்பிகள் இருந்தன. அதில் ஒன்று உடைந்து தொங்கியது. உடைந்த இடத்தில் துரு.

"இதை வெல்டிங் வைத்துக் கொடு, தம்பி. செலவு குறையும்" என்றார் டிரைவர்.

"வேண்டாம், அண்ணே. இது சாதாரண இரும்பு இல்லை. ஸ்பிரிங் செய்யும் எஃகு. நெருப்பு பட்டால் இதன் வலு போய்விடும். இன்று ஒட்டும், நாளை மறுபடி உடையும். அப்போது கீழே உங்கள் தலை இருக்கலாம்."

2. முறுக்குக் கம்பி எப்படி வேலை செய்கிறது?

பழைய சைக்கிள் டியூபில் ஒரு நீளத் துண்டு வெட்டி எடுங்கள். ஒரு முனையை இடது கையில் பிடியுங்கள். மறு முனையை வலது கையால் முறுக்குங்கள். கையை விட்டால் என்ன ஆகும்? டியூப் திரும்பிக்கொண்டு பழைய நிலைக்கு வரும். முறுக்கும்போது நீங்கள் கொடுத்த பலம் டியூபுக்குள் தங்கி இருந்தது. விட்டவுடன் அது வெளியே வந்தது.

டிக்கியில் உள்ள கம்பியும் அப்படித்தான். அதற்கு முறுக்குக் கம்பி என்று பெயர். டார்ஷன் ராடு என்றும் சொல்வார்கள். அதன் ஒரு முனை மூடியின் கீலில் மாட்டி இருக்கும். மறு முனை வண்டியின் உடம்பில் ஒரு வெட்டுக்குள் மாட்டி இருக்கும். டிக்கியை மூடும்போது கம்பி முறுக்கிக்கொள்ளும். திறக்கும்போது முறுக்கு அவிழும். அந்தப் பலம்தான் மூடியைத் தூக்குகிறது. அதனால்தான் கனமான மூடியும் நம் கைக்கு லேசாகத் தெரிகிறது.

இந்தக் கம்பி நல்ல பொருள். எளிதில் கெடாது. பல வண்டிகளில் முப்பது வருடம்கூட உழைக்கும். ஆனால் துரு பிடித்தால் அந்த இடத்தில் கீறல் விழும். ஒரு நாள் உடையும்.

3. கேஸ் ஸ்ட்ரட் எப்படி வேலை செய்கிறது?

"இதே கம்பி புதிதாகக் கிடைக்காதா?" என்று டிரைவர் கேட்டார்.

"இது பழைய மாடல் வண்டி. இந்தக் கம்பிக்கு நான் முன்பே அலைந்திருக்கிறேன். கிடைக்கவில்லை. கழித்துப் போட்ட வண்டியிலிருந்து எடுத்தால் அதுவும் இதே வயதுக் கம்பிதான். கேஸ் ஸ்ட்ரட் போட்டுவிடலாம், அண்ணே."

கேஸ் ஸ்ட்ரட்டை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பின்பக்கக் கதவு மேலே தூக்கும் கார்களில் இரு பக்கமும் கறுப்புக் குழல் இருக்கும். அதிலிருந்து பளபளவென்று ஒரு கம்பி வரும். அதுதான் கேஸ் ஸ்ட்ரட். சில பட்டறைகளில் டிக்கி ஷாக் என்றும் சொல்வார்கள்.

சைக்கிள் பம்பின் வாயை விரலால் அடைத்துக்கொள்ளுங்கள். கைப்பிடியை அழுத்துங்கள். பிறகு கையை எடுங்கள். கைப்பிடி தானாக மேலே வரும். உள்ளே நெருக்கப்பட்ட காற்று அதைத் தள்ளுகிறது.

ஸ்ட்ரட்டின் குழலுக்குள் நைட்ரஜன் என்ற வாயு இருக்கிறது. கொஞ்சம் எண்ணெயும் இருக்கிறது. கம்பி உள்ளே போகும்போது வாயுவுக்கு இடம் குறைகிறது. நெருங்கிய வாயு கம்பியை வெளியே தள்ளுகிறது. எண்ணெய் எதற்கு? கம்பியைச் சுற்றி ஒரு ரப்பர் சீல் உண்டு. அது காயாமல் எண்ணெய் பார்த்துக்கொள்கிறது. மூடி கடைசியில் 'டமால்' என்று இடிக்காமல் மெதுவாக நிற்கவும் உதவுகிறது.

உள்ளே எவ்வளவு அழுத்தம் இருக்கும்? கார் டயரில் சுமார் 30 பவுண்டு காற்று அடிக்கிறோம். சிறிய ஸ்ட்ரட்டுக்குள்ளும் அதைப்போல 20 மடங்குக்கு மேல் இருக்கும். இதை மறக்கக் கூடாது. பின்னால் இதைப் பற்றி மறுபடியும் பேசுவோம்.

ஸ்ட்ரட்டுக்கு ஒரு குறையும் உண்டு. சில வருடங்களில் சீல் தேய்ந்து வாயு மெல்லக் கசியும். அப்போது மாற்ற வேண்டும். ஆகவே முறுக்குக் கம்பி நல்ல நிலையில் இருந்தால் ஆசைக்காக மாற்ற வேண்டாம். சில வண்டிகளில் கம்பி மாட்டும் இடத்தில் இரண்டு மூன்று வெட்டுகள் இருக்கும். அடுத்த வெட்டுக்கு மாற்றினால் முறுக்கு கூடும். மூடி மறுபடி நிற்கும். முதலில் அதைப் பார்ப்பதே சிக்கனம்.

4. மாமாவின் பல்

உடைந்த கம்பி கையோடு வந்துவிட்டது. மற்றக் கம்பி முழுசாக இருந்தது. அதையும் கழற்ற வேண்டும். கம்பியும் ஸ்ட்ரட்டும் சேர்ந்து தள்ளினால் பலம் அதிகமாகிவிடும்.

டிரைவர் ஒரு ஸ்க்ரூடிரைவரை எடுத்தார். "நான் நெம்பி விடுகிறேன்" என்றார்.

மாமா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு வாயைத் திறந்து காட்டினார். முன் பல் ஒன்று இல்லை.

"பதினைந்து வருடம் ஆச்சுங்க. அப்போது வேறு ஒரு பட்டறையில் இருந்தேன். இதே மாதிரி கம்பி. ஸ்க்ரூடிரைவரை விட்டு நெம்பச் சொன்னார்கள். நெம்பினேன். வழுக்கிவிட்டது. கம்பி சுழன்று முகத்தில் அடித்தது. பல் போச்சு. இன்னும் இரண்டு விரற்கடை மேலே பட்டிருந்தால் கண் போயிருக்கும். கம்பி சும்மா கிடக்கிற மாதிரிதான் தெரியும். உள்ளே முறுக்கு இருக்கும். அதை எனக்கு யாரும் சொல்லவில்லை."

டிரைவர் ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தார்.

மாமாவும் மெக்கானிக்கும் கம்பியைக் கழற்றிய முறை இது:

முதலில் இருவரும் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டார்கள். தடித்த கையுறை மாட்டினார்கள்.

மூடியை முழுவதும் திறந்தார்கள். அப்போதுதான் முறுக்கு மிகக் குறைவாக இருக்கும். ஆனால் குறைவுதான், முறுக்கே இல்லை என்று அர்த்தம் இல்லை.

மூடிக்கு இரண்டு மரக்கட்டைகளை முட்டுக் கொடுத்தார்கள். கம்பி போனால் மூடியைத் தாங்க வேறு எதுவும் கிடையாது.

கம்பியின் மேல் ஒரு கனமான சாக்கைப் போர்த்தினார்கள். துள்ளினாலும் தூரம் போகாது.

கம்பியின் வளைந்த முனையில் ஒரு நீளமான இரும்புக் குழாயைச் செருகினார்கள். குழாய் வழுக்காது. நீளமாக இருப்பதால் கைக்குப் பிடி கிடைக்கும்.

கம்பி சுழலக்கூடிய பக்கத்தில் யாரும் நிற்கவில்லை. முகத்தை விலக்கிக்கொண்டார்கள்.

மாமா குழாயை அழுத்தி முனையை வெட்டிலிருந்து விடுவித்தார். உடனே விட்டுவிடவில்லை. முறுக்கு தீரும்வரை குழாயைப் பிடித்தபடி மெல்ல மெல்லத் தளர்த்தினார்.

கம்பி அமைதியாகக் கழன்றது.

5. எவ்வளவு பலம் வேண்டும்?

"மாமா, தராசை எடுங்க. கணக்குப் போடலாம்" என்றார் மெக்கானிக்.

மாமா கொக்கி வைத்த தொங்கு தராசைக் கொண்டுவந்தார். மூடியைப் பாதி திறந்த நிலைக்குக் கொண்டுவந்தார்கள். மூடியின் விளிம்பில் கொக்கியை மாட்டினார்கள். தராசை நேர் மேலே தூக்கிப் பிடித்தார்கள். மூடி தராசில் நின்றது. தராசு 7 கிலோ காட்டியது.

அடுத்து அளவு நாடா. கீலிலிருந்து விளிம்பு வரை கிடையாக அளந்தார்கள். 60 செ.மீ. இருந்தது.

பிறகு ஸ்ட்ரட் வரப்போகும் இடத்தில் ஒரு நூலை இழுத்துக் கட்டினார்கள். கீலிலிருந்து அந்த நூலுக்கு நேர்க் குறுக்காக அளந்தார்கள். 10 செ.மீ. இருந்தது.

குழந்தைகள் ஆடும் ஏற்ற இறக்கப் பலகையை நினைத்துக்கொள்ளுங்கள். நடுவிலிருந்து தூரமாக உட்கார்ந்தால் சிறு குழந்தைகூடப் பெரிய ஆளைத் தூக்கும். நடுவுக்கு அருகில் உட்கார்ந்தால் அதிகக் கனம் வேண்டும். ஸ்ட்ரட் கீலுக்கு அருகில் தள்ளுகிறது. அதனால் அதற்கு அதிக பலம் வேண்டும்.

மாமா சிலேட்டில் எழுதினார்:

மூடியின் பக்கம்: 7 × 60 = 420

ஸ்ட்ரட்டின் பக்கம்: 420 ÷ 10 = 42 கிலோ

இரண்டு ஸ்ட்ரட். ஒன்றுக்கு: 42 ÷ 2 = 21 கிலோ

மூடி உறுதியாக நிற்க, ஐந்தில் ஒரு பங்கு கூட்ட வேண்டும். ஏறக்குறைய 4 கிலோ. 21 + 4 = 25 கிலோ

"ஸ்ட்ரட்டின் மேல் கிலோ போட்டிருக்க மாட்டார்கள், மாமா. நியூட்டன் என்ற அளவில் போட்டிருப்பார்கள். 1 கிலோவின் கனம் ஏறக்குறைய 10 நியூட்டன். அப்போ 25 கிலோவுக்கு?"

"250" என்றார் மாமா.

"சரி. 250 என்று போட்டு, பக்கத்தில் 'என்' என்ற ஆங்கில எழுத்து இருக்கும்." மெக்கானிக் அந்த எழுத்தைச் சிலேட்டில் வரைந்து காட்டினார். மாமா அதைப் பார்த்து மூன்று முறை எழுதினார்.

நியூட்டன் என்பது ஒரு மனிதரின் பெயர். ஐசக் நியூட்டன் இங்கிலாந்து நாட்டு அறிஞர். பொருள்கள் எப்படி நகர்கின்றன, எந்த விசை அவற்றை நகர்த்துகிறது என்று 1687-ஆம் ஆண்டில் ஒரு நூலில் எழுதினார். விசையை அளக்கும் அளவுக்கு அவர் பெயரையே வைத்திருக்கிறார்கள்.

நீளமும் பார்க்க வேண்டும். மூடி முழுவதும் திறந்தால் ஸ்ட்ரட் எவ்வளவு நீளும்? மூடினால் எவ்வளவு சுருங்கும்? இரண்டையும் நூல் பிடித்து அளந்து சீட்டில் எழுதினார்கள். மூடியபோது ஸ்ட்ரட் அடிவரை முட்டக் கூடாது. ஒரு செ.மீ. அளவாவது மிச்சம் இருக்க வேண்டும். முட்டினால் ஒன்று மூடி மூடாது. அல்லது தகடு வளையும்.

6. கடையில் நடந்தது

மாமா சீட்டை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனார். கடையில் கூட்டம். விற்பனையாளர் சீட்டைப் பார்த்தார். இரண்டு ஸ்ட்ரட்டை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"நீளம் சரியாக இருக்கிறது. எடுத்துக்கொள்ளுங்கள்" என்றார்.

முன்பு என்றால் மாமா காசைக் கொடுத்துவிட்டு வந்திருப்பார். இன்று அவர் குழலைத் திருப்பிப் பார்த்தார். சிறிய எழுத்து. வெளிச்சத்தில் பிடித்து ஒவ்வொரு எண்ணாகப் படித்தார். 5... 5... 0... பக்கத்தில் 'என்'.

"இது 550. எனக்கு வேண்டியது 250" என்றார்.

"அதனால் என்னங்க? இது இன்னும் நன்றாகத் தூக்கும்."

"வேண்டாம். கணக்குப் போட்டுத்தான் வந்திருக்கிறேன்."

விற்பனையாளர் மறுபடி சீட்டைப் பார்த்தார். உள்ளே போய்த் தேடினார். 250 எண் உள்ள ஜோடியைக் கொண்டுவந்தார். மாமா இரண்டையும் படித்துப் பார்த்த பிறகே காசு கொடுத்தார்.

பட்டறைக்கு வந்து நடந்ததைச் சொன்னார். மெக்கானிக் சிலேட்டில் இன்னொரு கணக்குப் போட்டார்.

"250 போட்டால் இரண்டும் சேர்ந்து 50 கிலோ. 50 × 10 = 500. மூடியின் பக்கம் 420. மிச்சம் 80. விளிம்பில் ஒன்றரை கிலோ கூட அழுத்த வேண்டாம். மூடி கீழே வரும். 550 போட்டால் 110 கிலோ. 110 × 10 = 1100. மிச்சம் 680. விளிம்பில் 11 கிலோவுக்கு மேல் அழுத்தினால்தான் மூடி இறங்கும். திறக்கும்போதோ, எகிறித் தாடையில் அடிக்கும். மூடியின் தகடு மெல்லியது. நாளடைவில் வளைந்துவிடும். கீலும் கெடும். ஒரே ஒரு எண், மாமா. 2-க்குப் பதில் 5."

டிரைவர் தன் மணிக்கட்டைத் தடவிக்கொண்டார். "பெரியவரே, என் தாடையைக் காப்பாற்றினீர்கள்" என்றார்.

7. பொருத்தும் முறை

முதலில் பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றினார்கள்.

துளை போடும் இடத்துக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று கையை விட்டுப் பார்த்தார்கள். பல பழைய கார்களில் பெட்ரோல் டேங்க் டிக்கிக்கு அருகிலேயே இருக்கும். பெட்ரோல் குழாயும் விளக்கு ஒயர்களும் ஓரமாகப் போகும். பார்க்காமல் துளை போட்டால் தீ விபத்து நடக்கலாம்.

நேரடியாக ஸ்ட்ரட்டை மாட்டவில்லை. இரண்டு மெல்லிய மரச் சட்டங்களை ஸ்ட்ரட் போல வைத்துப் பார்த்தார்கள். மூடியை மெதுவாக இறக்கினார்கள். சட்டம் எங்கேயும் இடிக்கவில்லை. மூடியபோது சட்டத்தின் கோடு கீலுக்கு அருகே வந்தது. அது நல்லது. அப்படி வந்தால் பூட்டைத் திறந்தவுடன் மூடி முகத்தில் பாயாது.

மெல்லிய தகட்டில் போல்ட் மட்டும் போட்டால் தகடு கிழியும். ஆகவே பின்னால் ஒரு தடித்த இரும்புப் பட்டை வைத்து இறுக்கினார்கள். துளையின் ஓரத்தில் துரு பிடிக்காமல் பெயிண்ட் பூசினார்கள்.

ஸ்ட்ரட்டை மாட்டும்போது குழல் மேலேயும் பளபளப்பான கம்பி கீழேயும் இருக்கும்படி வைத்தார்கள். அப்போதுதான் உள்ளே உள்ள எண்ணெய் இறங்கி சீலை நனைக்கும். அந்தக் கம்பியை இடுக்கியால் பிடிக்கவில்லை. அதில் கீறல் விழுந்தால் சீல் கிழிந்து வாயு போய்விடும்.

இரண்டு பக்கமும் மாட்டிய பிறகுதான் முட்டுக் கட்டையை எடுத்தார்கள். மூடியை மெதுவாக இறக்கிப் பார்த்தார்கள். நன்றாக மூடியது. பூட்டைத் திறந்து கையால் சற்றுத் தூக்கினார்கள். பாதி தூரத்துக்கு மேல் மூடி தானாக எழுந்து நின்றது.

டிரைவர் ஒரே கையால் டிக்கியைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். சிரித்தார்.

8. பழைய ஸ்ட்ரட்டை என்ன செய்வது?

"இந்த ஸ்ட்ரட் தேய்ந்து போனால் என்ன செய்யலாம்? பழைய இரும்புக் கடையில் போடலாமா?" என்று டிரைவர் கேட்டார்.

மாமா குழலில் இருந்த படத்தைக் காட்டினார். தீயின் படம். அதன் மேல் குறுக்குக் கோடு.

"தீயில் போடக் கூடாது என்று அர்த்தம்" என்றார்.

ஸ்ட்ரட் தூக்காவிட்டாலும் உள்ளே அழுத்தம் மிச்சம் இருக்கும். நைட்ரஜன் தீப்பிடிக்காது. ஆனால் சூடானால் அழுத்தம் ஏறும். குழல் வெடித்துத் துண்டுகள் பறக்கும். ரம்பத்தால் அறுத்தாலும், சம்மட்டியால் அடித்தாலும், அருகில் வெல்டிங் வைத்தாலும் ஆபத்துதான். ஆகவே பழைய ஸ்ட்ரட்டைக் குழந்தைகள் கையில் கொடுக்காதீர்கள். இதன் ஆபத்து தெரிந்த கடையில் மட்டும் கொடுங்கள். உள்ளே அழுத்தம் இருக்கிறது என்று வாயால் சொல்லிக் கொடுங்கள். மாமாவுக்கு அன்று யாரும் சொல்லவில்லை. நாம் சொல்ல வேண்டும்.

நினைவில் வையுங்கள்

முறுக்குக் கம்பி அசையாமல் இருந்தாலும் அதற்குள் பலம் இருக்கிறது.

முட்டுக் கொடுக்காமல் டிக்கி மூடிக்குக் கீழே குனியாதீர்கள்.

ஸ்ட்ரட்டின் நீளம் மட்டும் போதாது. அதில் உள்ள எண்ணையும் படியுங்கள்.

அதிக பலம் என்றால் நல்லது என்று எண்ணாதீர்கள். தேவையான பலமே நல்லது.

கேஸ் ஸ்ட்ரட்டை வெட்டாதீர்கள். திறக்காதீர்கள். தீயில் போடாதீர்கள்.

சொற்களும் பொருளும்

கீல் – கதவு அல்லது மூடி திரும்ப உதவும் பாகம்
முட்டு – விழாமல் தாங்க வைக்கும் கட்டை
விசை – தள்ளும் அல்லது இழுக்கும் பலம்
கசிவு – சிறிது சிறிதாக வெளியே போவது
எஃகு – உறுதியான ஒரு வகை இரும்பு

பயிற்சி

அ. விடை கூறுங்கள்

1. உடைந்த கம்பிக்கு வெல்டிங் வைக்க மெக்கானிக் ஏன் மறுத்தார்?
2. மாமாவின் பல் எப்படிப் போயிற்று?
3. கடையில் மாமா எந்த எண்ணைப் படித்தார்? அதை ஏன் வாங்கவில்லை?
4. துளை போடும் முன் எதைப் பார்க்க வேண்டும்?

ஆ. கோடிட்ட இடத்தை நிரப்புங்கள்

1. ஸ்ட்ரட்டுக்குள் இருக்கும் வாயு ............
2. 1 கிலோவின் கனம் ஏறக்குறைய ............ நியூட்டன்.
3. ஸ்ட்ரட்டின் பளபளப்பான கம்பி ............ பக்கம் இருக்க வேண்டும்.

இ. கணக்குப் போடுங்கள்

வேறு ஒரு காரில் தராசு 8 கிலோ காட்டியது. கீலிலிருந்து விளிம்பு வரை 50 செ.மீ. கீலிலிருந்து நூலுக்கு 10 செ.மீ. இரண்டு ஸ்ட்ரட் போட வேண்டும். ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக்கொள்ளுங்கள். ஒரு ஸ்ட்ரட்டுக்கு எத்தனை நியூட்டன்? (விடை: 240)

ஈ. கலந்து பேசுங்கள்

நீங்கள் செய்யும் வேலையில் பார்வைக்குச் சாதுவாகத் தெரிந்து, ஆபத்தை உள்ளே வைத்திருக்கும் பொருள் எது? புதிதாக வேலைக்கு வருபவரிடம் அதைப் பற்றி என்ன சொல்வீர்கள்? ஐந்து வரிகள் எழுதுங்கள்.